ரசிகன் அல்லாத ஒருவன்: கீழ்ப் பிரிவுக் கால்பந்தும் நமது ஊர்களும்

தமிழில் 'ரசிகன்' என்ற சொல்லுக்கு இருக்கிற புழக்கம் 'ஆதரவாளன்' என்ற சொல்லுக்கு இல்லை. ஆதரவாளன் என்றால் நமக்கு ஏதோ ஒரு தலைவரின் காருக்குப் பின்னால் ஜீப்பில் வருகிறவன். ரசிகன் என்றால் சினிமாக் கொட்டகை வாசலில் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவன்; இன்னொரு பக்கம் சபாவில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவன். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றாலும் இருவருமே 'ரசம்' என்கிற ஒரே கருத்தாக்கத்தின் பிள்ளைகள்தான். சுவை இருக்கிறவரை ரசிகன் இருப்பான். சுவை தீர்ந்தால் எழுந்து போய்விடுவான். விளையாட்டைப் பார்க்கிறவனுக்கும் இதே சொல்லைத்தான் நாம் கொடுத்து வைத்திருக்கிறோம். அப்படியானால் சுவையே இல்லாத ஆட்டத்தை, பெரும்பாலும் தோற்கிற ஒரு அணியை, முப்பது வருஷம் மழையில் நின்று பார்க்கிறவனை என்ன சொல்லி அழைப்பது?

இங்கிலாந்தின் கீழ்ப் பிரிவுக் கால்பந்தைச் சில வருஷங்களாக ராஜபாளையத்திலிருந்து தொடர்ந்து வருகிறேன். அங்கே தொழில்முறைக் கால்பந்து நான்கு அடுக்காக இருக்கிறது. உச்சியில் பிரீமியர் லீக், 20 அணிகள். நம் ஊர்ப் பையன்கள் பனியனில் போட்டுக்கொண்டு திரிகிற மான்செஸ்டர், லிவர்பூல், ஆர்சனல் எல்லாம் அந்த அடுக்கு. அதற்குக் கீழே அடுக்குக்கு 24 வீதம் மூன்று அடுக்கில் 72 அணிகள். அதற்கும் கீழே வட்டார லீக்குகள். ஆண்டு முடிவில் மேலே இருப்பவர் சிலர் இறங்குவார்கள், கீழே இருப்பவர் சிலர் ஏறுவார்கள். நான் பின்தொடர்வது ஆக்ரிங்டன் ஸ்டான்லி என்கிற அணி. லங்காஷயர் பஞ்சாலை ஊர். மக்கள்தொகை சுமார் 35,000. 2011 கணக்கெடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 75,000, ராஜபாளையத்துக்கு 1,30,000. அதாவது ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதிகூட இல்லாத ஊர். அந்த அணி கடனில் மூழ்கி 1962இல் லீக்கை விட்டு வெளியேறியது, 1968இல் மறுபடி தொடங்கப்பட்டது, 2006இல்தான் லீக்குக்குத் திரும்பி வந்தது. 2018இல் நான்காம் அடுக்கை வென்று மூன்றாவதுக்கு ஏறி, 2023இல் திரும்பவும் இறங்கியது. இரண்டாயிரம் மூவாயிரம் பேர் வந்து பார்ப்பார்கள்.

சனிக்கிழமை அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது இங்கே இரவு ஏழரை. குளிர்காலம் என்றால் எட்டரை. அந்த நேரத்து ஆட்டங்களை இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவதில்லை. சின்ன ஊர் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாது என்று 1960களிலிருந்து இருந்துவரும் ஏற்பாடு இது. ஆகவே என் பின்தொடர்தல் என்பது பெரும்பாலும் செல்போனில் ஒரு எண் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான். மில்லில் ஷிப்டு முடித்து வந்த நண்பர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "அவனுக ஜெயிச்சா ஒனக்கு என்ன மாப்ள? தோத்தாத்தான் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதையே கனமான மொழியில் நம் விமர்சகர்களும் கேட்டிருக்கிறார்கள்.

கேட்டவர்களின் வாதம் நமக்குத் தெரிந்ததுதான். உழைக்கிறவனின் கோபத்தை வாரக் கடைசியில் மைதானத்தில் கொட்ட வைத்து, திங்கட்கிழமை அவனைச் சாதுவாக வேலைக்கு அனுப்புகிற கருவி விளையாட்டு. 2010 உலகக் கோப்பை சமயத்தில் டெரி ஈகிள்டன், கால்பந்து முதலாளியத்தின் நெருங்கிய தோழன் என்கிற தொனியில் ஒரு கட்டுரை எழுதினார். தமிழ்ச் சூழலில் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தைப் பற்றி எழுதிய நூல், ஏழைகளின் சம்மதம் அவர்களுடைய நலனுக்கு எதிராக எப்படித் திரட்டப்பட்டது என்று கிராம்சியின் வழியே காட்டியது. ரசிகர் மன்றங்களைப் பற்றி யோசிக்கிற எவரும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் நாம் செய்த காரியம் என்னவென்றால், அந்தப் பகுப்பாய்வை எடுத்து, கூட்டமாக நின்று கத்துகிற எல்லார் மேலும் ஒரே வாளியில் ஊற்றிவிட்டோம். நட்சத்திரத்தின் முன் நிற்கிற கூட்டமும் ஒரு ஊரின் பெயர் கொண்ட தோற்கும் அணியின் பின் நிற்கிற கூட்டமும் ஒன்றுதானா? சி.எல்.ஆர். ஜேம்ஸ் என்ற மார்க்சியர் 1963இலேயே கிரிக்கெட்டை வைத்து ஒரு காலனிய சமூகம் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டார். நாம் அந்தப் பாதையில் நடக்கவில்லை.

கீழ்ப் பிரிவு ஆதரவாளன் எங்கிருந்து வந்தான் என்று பார்த்தால் அவன் பஞ்சாலையிலிருந்து வந்தவன். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கும் சிறார்களுக்கும் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தியது. அவர்கள் இல்லாமல் ஆலை ஓடாது என்பதால் மெல்ல மெல்ல ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. இரண்டு மணிக்கு ஆலை மூடினால் மூன்று மணிக்கு ஆட்டம். பிற்பகல் மூன்று மணி என்பது தொழிற்சங்கமும் சட்டமும் போராடி வாங்கிய நேரம். 1883இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற அணி, நெசவுத் தொழிலாளிகள் ஆடிய அணி, பிரபுக்களின் பள்ளியில் படித்த பழைய ஈட்டன் மாணவர் அணியை எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் 2-1 என்று தோற்கடித்தது. 1888இல் லீக் தொடங்கியபோது இருந்த 12 அணிகளில் 6 லங்காஷயர் அணிகள். லீக்கை முன்னின்று தொடங்கிய வில்லியம் மெக்ரெகர் பர்மிங்காமில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர்.

அந்த ஆலைத் துணி எங்கே விற்றது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே தறிகள் நின்றதற்கும் அங்கே மைதானங்கள் நிறைந்ததற்கும் உள்ள உறவை எந்தக் கால்பந்து வரலாறும் முதல் அத்தியாயத்தில் வைப்பதில்லை. 1931 செப்டம்பரில் காந்தி பிளாக்பர்னுக்குப் பக்கத்து ஊரான டார்வெனுக்குப் போனார். அந்நியத் துணி மறுப்பால் வேலை இழந்திருந்த ஆலைத் தொழிலாளிப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரிக்கிற படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1936இல், பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். அங்கே கதிர்கள் ஓயத் தொடங்கிய காலத்தில் இங்கே ஓடத் தொடங்கின. ஆக்ரிங்டனிலிருந்து பிளாக்பர்ன் பத்துக் கிலோமீட்டருக்குள். இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரே பஞ்சு இரண்டு இடத்திலும் நூலாயிற்று. ஒரு இடத்தில் கால்பந்து அணி வந்தது, இன்னொரு இடத்தில் வரவில்லை. ஏன்?

முதல் காரணம் நேரம். நமது நூற்பாலை சனிக்கிழமை நிற்பதில்லை. இரவும் பகலும் மூன்று ஷிப்டு. ஒருவருக்கு ஓய்வாக இருக்கிற நேரம் அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை நேரம். ஊரே ஒரே நேரத்தில் கையை வீசிக்கொண்டு ஒரு இடத்துக்குப் போகிற பொழுது என்று ஒன்று திருவிழாவுக்கும் தேர்தலுக்கும்தான் கிடைக்கிறது. பெண்களின் நிலைமை இன்னும் மோசம். தமிழகத்தின் மேற்கு, தெற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்து வேலை வாங்கிய முறையைப் பற்றி 2000களில் நிறையவே எழுதப்பட்டது. மாசத்துக்கு ஒருமுறை காவலோடு கடைத்தெருவுக்குப் போய்வருகிற பெண்ணிடம் போய் 'நீ எந்த டீம்?' என்று கேட்க முடியுமா? லங்காஷயரிலும் பெண்களுக்கு இந்த வாசல் நெடுநாள் திறந்திருக்கவில்லை. பிரெஸ்டன் ஊரின் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள் ஆடிய ஆட்டத்துக்கு 1920 டிசம்பரில் லிவர்பூலில் 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரிலேயே கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அது நீங்க ஐம்பது வருஷம் ஆயிற்று.

விளையாட்டே இல்லாத ஊர் என்று ராஜபாளையத்தைச் சொல்லிவிட முடியாது. இது கூடைப்பந்து ஊர். அகில இந்தியப் போட்டி நடக்கும்போது மின்விளக்கில் ராத்திரி வெகுநேரம்வரை காலரி நிறைந்திருக்கும். பக்கத்துக் கோவில்பட்டியில் ஹாக்கி; லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டியை அந்த ஊர் தன் சொந்தக் காரியமாகவே பார்க்கும். ஆனால் இங்கெல்லாம் ஆட வருகிற அணிகளின் பெயர்களைப் பாருங்கள். ரயில்வே, ராணுவம், வங்கி, வருமான வரி, சுங்கம், மின்வாரியம். காலரியில் உட்கார்ந்திருப்பவன் வருமான வரித்துறைக்கும் வங்கிக்கும் நடுவில் யாருக்காகக் கத்துவது? அவன் செய்வதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். இடைவேளை வரைக்கும் சும்மா பார்ப்பான். பிறகு பத்துப் புள்ளி பின்தங்கியிருக்கிற அணிக்காகக் கத்த ஆரம்பிப்பான். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவன் ஆதரவாளன். மறுநாள் அந்த அணி ரயிலேறிப் போய்விடும்.

துறை அணிகளை ஏளனமாகச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மில் தொழிலாளியின் பையனுக்கு, காலனிப் பையனுக்கு, விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கிற ஒரு சர்க்கார் வேலை என்பது மூன்று தலைமுறைக்கான மாற்றம். ஊரின் பெயரில் ஆடி யாரும் சோறு தின்ன முடியாத இடத்தில், ஆட்டக்காரன் ஊரை விட்டுத் துறைக்குப் போவது சரியான முடிவுதான். ஆட்டக்காரனுக்கு வழி இருக்கிறது, பார்க்கிறவனுக்குத்தான் இல்லை என்பது மட்டுமே நான் சொல்வது.

இந்த வெற்றிடத்தில்தான் மூலதனம் ஊர்ப் பெயரைத் தூக்கிக்கொண்டு வந்தது. 2016இல் தொடங்கிய டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் 'காரைக்குடிக் காளை' என்று ஒரு அணி. முதல் ஆண்டு ஆட்டங்கள் நடந்தது சென்னை, நத்தம், திருநெல்வேலி ஆகிய மூன்று இடங்களில். காளை காரைக்குடியில் கால் வைக்கவில்லை. பிறகு அந்த அணியே திருப்பூர்ப் பெயருக்கு மாறிவிட்டது. காரைக்குடியில் யாருக்கு எது பறிபோனது? 2018-19இல் ஐ-லீக் கால்பந்தை வென்ற சென்னை சிட்டி அணி ஆடியது கோயம்புத்தூரில். அந்த அணி இன்று ஐ-லீக்கிலேயே இல்லை. ஐ.எஸ்.எல். 2014இல் தொடங்கியபோது அதில் கீழிறக்கம் என்ற பேச்சே கிடையாது. பணம் கட்டி உள்ளே வந்தவன் தோற்றாலும் உள்ளேயே இருப்பான். கீழே விழ முடியாத அணிக்கு ரசிகர்கள் கிடைப்பார்கள், விளம்பரம் கிடைக்கும். விழும்போது பிடித்துக்கொள்கிறவர்கள் அதற்குத் தேவைப்பட மாட்டார்கள்.

இதற்கு நேரெதிரான உதாரணம் விம்பிள்டன். 2002இல் அந்த லண்டன் அணியை எண்பது தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. ஆதரவாளர்கள் கூடிப் பேசினார்கள். அதே வருஷம் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு அணியைத் தொடங்கினார்கள். ஒன்பதாம் அடுக்கில் தொடங்கி 2011இல் லீக்குக்கு வந்துசேர்ந்தது. எக்சிட்டர் சிட்டி அணி 2003 முதல் ஆதரவாளர் அறக்கட்டளையின் கையில். 1894 முதல் லீக்கில் இருந்த பரி அணி, உரிமையாளரின் நிதிக் குழப்பத்தால் 2019 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் 2023இல் பழைய பெயரோடு பழைய மைதானத்துக்குத் திரும்பினார்கள், ஆறு அடுக்குக் கீழே. நம்மவர்களும் இந்தக் கதையில் வருகிறார்கள். பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியை 2010 நவம்பரில் புனேயின் வெங்கீஸ் கோழி நிறுவனம் வாங்கியது. லங்காஷயர் துணியை எரித்த நாட்டிலிருந்து ஒரு நிறுவனம் போய் லங்காஷயர் அணியை வாங்கியதில் நம் தேசியவாதிகளுக்கு உள்ளூர மகிழ்ச்சி இருந்திருக்கலாம். அணி 2012இல் இரண்டாம் அடுக்குக்கும், 2017இல் மூன்றாம் அடுக்குக்கும் இறங்கியது. அடுத்த ஆண்டு மறுபடி ஏறியது. 2012இல் இறங்குவது உறுதியான ஆட்டத்தின்போது யாரோ ஒருவர் உயிருள்ள கோழி ஒன்றை அணியின் கொடியைப் போர்த்தி மைதானத்துக்குள் விட்டார். அந்தக் கோபத்தில் இந்தியர் என்கிற வெறுப்பு கலந்திருக்கவே இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது. ஆனால் அடிப்படையில் அவர்கள் கேட்டது கணக்கு: எங்கள் அணியை என்ன செய்கிறீர்கள், பணம் எங்கே போகிறது?

ஆதரவாளனை ரசிகனிடமிருந்து பிரிக்கிற இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. அவன் கணக்குக் கேட்கிறான். நம்முடைய எந்த ரசிகர் மன்றம் தன் நாயகனிடம் கணக்குக் கேட்டிருக்கிறது? பல்லாண்டுக் காலக் கூச்சலுக்குப் பிறகு 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் என்று ஒன்று அங்கே நிறைவேறியது. அணியை வாங்குகிறவனின் தகுதியைச் சோதிக்கவும், ஊர் மாற்றத்தைத் தடுக்கவும், ஆதரவாளர்களின் கருத்தைக் கேட்கவும் ஒரு சுயேச்சையான அமைப்பை அது ஏற்படுத்தியிருக்கிறது. சோஷலிசம் வந்துவிடவில்லைதான். ஆனால் அந்தச் சட்டத்தை மைதானத்துக் கூச்சல் கொண்டுவந்திருக்கிறது என்பதை அபின் கோட்பாட்டால் விளக்க முடியாது.

இங்கே இன்னொரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. அந்த ஆதரவாளன் 'எங்க ஊர்' என்று சொல்கிறானே, நாம் அதைச் சொல்ல முடியுமா? தமிழில் 'ஊர்' என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்லாகப் பக்கத்திலேயே 'சேரி' நிற்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று பெருமையாகச் சொல்கிறோம். கண்டதேவியில் அந்த வடத்தைத் தலித்துகள் தொடலாமா என்று 1998இல் தகராறு வந்தபோது 'ஊர்' என்றால் யார் என்பது அம்பலமாயிற்று. எங்கள் மாவட்டத்து உதாரணமே இருக்கிறது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கசாதியினர் கிளம்பினார்கள். கலவரம், உயிரிழப்பு. கடைசியில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுத்துவிட்டது. பஸ்ஸுக்கு ஒரு பெயர் வைக்க முடியாத மண்ணில் ஒரு அணிக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? இந்த வட்டாரத்துக் கபடிப் போட்டி போஸ்டர்களை வாசிக்கத் தெரிந்தவனுக்கு, அழைப்பாளர் பெயருக்கு மேலே இருக்கிற தலைவர் படமே எந்தத் தெரு அணி என்பதைச் சொல்லிவிடும். 2024இல் வந்த 'ப்ளூ ஸ்டார்' படம் அரக்கோணத்தில் காலனி அணியும் ஊர் அணியுமாகப் பிளந்து கிடந்த கிரிக்கெட்டைக் காட்டி, கடைசியில் இருவரும் சேர்ந்து பெரிய இடத்தோடு மோதுவதாக முடித்தது. சேர்ந்து ஆடுவதைக் கற்பனை செய்ய நம் கலைக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. காலரியில் சேர்ந்து உட்காருவதை இன்னும் யாரும் எழுதவில்லை.

அங்கே மட்டும் 'ஊர்' பரிசுத்தமாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. 1960களில் லங்காஷயர் ஆலைகளின் இரவு ஷிப்டுக்குப் பாகிஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆள் எடுத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மைதானத்தின் மதிலை ஒட்டிய தெருக்களில் குடியிருந்தும் உள்ளே போகாமலேயே பல காலம் இருந்தார்கள். ஆக்ரிங்டனுக்கு அடுத்த பர்ன்லியில் 2001இல் இனக் கலவரம் நடந்தது. பிளாக்பர்ன் அணி தன் மைதானத்தை ஈத் தொழுகைக்குத் திறந்துவிட்டது 2022இல்தான். ஆதரவாளன் என்பவன் ஊரைத் தயாராக எடுத்துக்கொள்கிறவன் மட்டுமாக இருந்தால் அவன் அங்கேயும் ஆதிக்கத்தின் ஆள்தான். யார் ஊர் என்கிற சண்டையைக் காலரிக்குள்ளேயே நடத்தும்போதுதான் அவன் நமக்கு முக்கியமாகிறான்.

இதை வாசிக்கிறவர்களுக்கு இந்த ஆள் அந்நியமானவனாக இருக்க முடியாது. 'எழுத்து' 1959 தொடங்கி 1970இல் நின்றது. அதற்குப் பிறகு வந்து நின்ற பத்திரிகைகளை எண்ண விரல் போதாது. நிற்கப்போகிறது என்று தெரிந்தே சந்தா கட்டுகிறோம், வராத இதழுக்காகக் கடிதம் போடுகிறோம், முன்னூறு பேருக்குள் கோஷ்டி பிரிந்து அடித்துக்கொள்கிறோம். நான்காம் அடுக்கு அணியின் ஆதரவாளன் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் நாம் கணக்குக் கேட்டோமா? ஆசிரியர்களை நட்சத்திரமாக்கினோம், அவர்கள் கட்சி மாறியபோது கூடவே மாறினோம் அல்லது அழுதோம். சிற்றிதழ்க்காரனும் கடைசியில் ரசிகனாகவே நின்றுவிட்டான் என்பதுதான் என் விமர்சனம்.

ராஜபாளையத்துக்கு ஒரு கால்பந்து அணி வேண்டும் என்று நான் கோரிக்கை வைக்கவில்லை. அதை நாளைக்கே ஒரு முதலாளி வந்து வைத்துக் கொடுத்துவிடுவார், பனியனில் அவருடைய சிமெண்டோ நூலோ எழுதியிருக்கும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இருக்கின்றன. வாரத்தில் எல்லா ஷிப்டுக்காரர்களுக்கும் பொதுவாக ஒரு அரைநாள். விடுதியில் இருக்கிற பெண் தானாக வெளியே போய்த் தானாகத் திரும்பி வருகிற உரிமை. சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் பூட்டாத ஒரு பள்ளி மைதானம். எந்தத் தெருக்காரரும் பத்து ரூபாய் கட்டிப் பெயர் எழுதிக்கொள்ளக்கூடிய ஒரு உறுப்பினர் பதிவேடு. அதைத் திறந்து வரவு செலவைப் படிக்கச் சொல்ல அந்தப் பத்து ரூபாய்க்காரருக்கு உரிமை. இவற்றை முதலில் எழுத வேண்டிய இடம் விளையாட்டுப் பக்கம் அல்ல, தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியல். 1850இல் அங்கே அப்படித்தான் தொடங்கியது.